அருவிதோறும் ஒரு குடி
நன்னீர் நத்தைகள் பற்றிய கருத்தரங்கின் தலைமை உரை, விருத்தாசலம்

 

அருவியில் வாழும் நத்தைகளைப் பற்றிப் பேச விருத்தாசலத்தில் ஏன் கூட்டம் போடுகிறார்கள் என்று ஊர்க்காரர் யாரேனும் கேட்டால் அது நியாயமான கேள்வி. இங்கே பழமலைநாதர் கோயில் இருக்கிறது, மணிமுத்தாறு இருக்கிறது, பீங்கான் பொம்மைகள் வேகும் சூளைகள் இருக்கின்றன. அருவி மட்டும் இல்லை. ஆனாலும் இந்த ஊரைத் தேர்ந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதல் காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் காலக் கடற்பாறைகள் மூன்று திட்டுகளாகக் கிடக்கின்றன என்று 1862இல் எழுதியவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றியவர். புதுச்சேரி, அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்து அரியலூர்ப் பகுதி, விருத்தாசலம் ஆகியவை அந்த மூன்று திட்டுகள். அப்பாறைகளில் கிடைத்த சங்கு, நத்தை, சிப்பி வகைகளை ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா விரித்து எழுதிய தொகுதிகள் இன்றும் ஆய்வாளர் மேசையில் இருக்கின்றன.

ஹென்றியின் அண்ணன் வில்லியம் பிளான்ஃபோர்டு. இருவரும் 1855இல் ஒன்றாகவே அந்தத் துறையில் சேர்ந்தார்கள். இந்திய நத்தைகளைப் பற்றி 1860 முதல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் சேர்ந்தே எழுதத் தொடங்கினார்கள். தம்பி தென்னாற்காட்டில் கல்லாய்ப் போன சங்குகளைத் தேடினார். அண்ணன் மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்துப் பாறைகளில் உயிருள்ள ஒரு நத்தையைக் கண்டு 1863இல் உலகுக்கு அறிவித்தார். இந்தக் கருத்தரங்கின் நாயகன் அந்த நத்தைதான்.

இரண்டாவது காரணம் இந்த ஊர் ஆறு. கல்வராயன் மலையில் பிறக்கும் மணிமுத்தாறு இவ்வூரைத் தொட்டு வெள்ளாற்றில் சேர்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. இந்த நீர்வழியின் தலைப்பகுதி அருவிகள் நிறைந்த மலை, கடைப்பகுதி கழிமுகம். அருவி நத்தையின் கதையும் கடற்கரையிலிருந்து மலை வரை நீளும் கதை என்பதால், இந்த ஆற்றங்கரை அதைப் பேசப் பொருத்தமான இடம்.

வில்லியம் கண்ட நத்தையின் பேரினப் பெயர் கிரெம்னோகோங்கஸ். அவர் முதலில் வைத்த பெயர் வேறோர் உயிரினத்துக்கு ஏற்கெனவே வழங்கியதால் 1869இல் இந்தப் பெயரை வைத்தார். ஓடு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது. அருவிச் சாரல் படும் பாறையிலும், நீர் மெல்லிய படலமாக வழியும் பாறைச் சுவரிலும் ஒட்டி, அங்கு படரும் பாசியைச் சுரண்டித் தின்னும். தென்மேற்குப் பருவமழைக் காலம்தான் அதற்கு வாழ்வு. மழை ஓய்ந்து பாறை காய்ந்தால் வெடிப்புக்குள் புகுந்து, ஓட்டின் வாயை மூடியால் அடைத்துக்கொண்டு அடுத்த மழை வரை கிடக்கும்.

இதில் வியப்பு என்னவென்றால், இது லிட்டோரினிடே என்னும் கடற்கரை நத்தைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அலை மோதும் பாறையிலும் அலையாத்தி மரத்திலும் வாழும் குடும்பம் அது. இதே கடலூர் மாவட்டத்தின் பிச்சாவரத்தில் மரத்தண்டில் ஏறி உட்கார்ந்திருக்கும் லிட்டோரேரியா நத்தை இதற்கு உறவு. அந்தக் குடும்பம் முழுவதிலும் நன்னீருக்குக் குடிபெயர்ந்த ஒரே பேரினம் கிரெம்னோகோங்கஸ். அது உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் முதல் 1,400 மீட்டர் உயரம் வரை வாழ்கிறது.

வில்லியம் காலத்துக்குப் பின் நூறாண்டுக்கும் மேலாக இந்தப் பேரினத்தில் பெரிதாக எதுவும் சேரவில்லை. 2013இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டேவிட் ரீட், பெங்களூரு ஏட்ரீ நிறுவனத்தின் அரவிந்த், உடுப்பியின் மத்யஸ்தா மூவரும் சேர்ந்து ஒரு விரிவான ஆய்வை வெளியிட்டார்கள். முன்பே அறிந்த மூன்று சிற்றினங்கள் மகாராஷ்டிரத்தவை. இவர்கள் கர்நாடக மலைகளிலிருந்து ஆறு புதிய சிற்றினங்களைச் சேர்த்தார்கள். ஆகும்பே ஊரின் பெயரையும் அனுமன் பெயரையும் தாங்கிய சிற்றினங்கள் அவற்றில் உண்டு. ஓட்டின் வடிவம், உடற்கூறு, பாசி சுரண்டும் பற்பட்டை, மரபணு என எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது வடக்கில் ஒரு கிளை, தெற்கில் ஒரு கிளை என்று இரண்டு தெளிவாகப் பிரிந்தன. வடக்குக் கிளை தக்காணத்து எரிமலைப் பாறைமேல் வாழ்கிறது. தெற்குக் கிளை அதைவிட மிகப் பழைய பாறைகள்மேல் வாழ்கிறது.

ஐந்து மில்லிமீட்டர் நத்தைக்கு ஒன்பது சிற்றினமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கருத்தரங்கு. நான் வலியுறுத்த வந்தது ஒன்றுதான். அருவி நத்தையைப் பொறுத்தவரை ஓட்டை மட்டும் நம்பினாலும் ஏமாறுவோம், மரபணுவை மட்டும் நம்பினாலும் ஏமாறுவோம். ஒரே நத்தையின் ஓடும் மரபணுவும் ஒன்றாகக் கைக்கு வந்தால்தான் எந்த அருவியில் எந்தக் குடி இருக்கிறது என்று சொல்ல முடியும். அதைச் சொல்ல முடிந்தால்தான் காக்கவும் முடியும்.

ஓடு ஏன் ஏமாற்றுகிறது? இந்த ஊரில் இதை விளக்குவது எளிது. ஒரே களிமண்ணை இரண்டு அச்சுகளில் வார்த்தால் இரண்டு விதமான பொம்மை வரும். இரண்டு வகைக் களிமண்ணை ஒரே அச்சில் வார்த்தால் பார்வைக்கு ஒரே விதமான இரண்டு பொம்மை வரும். கடையில் நிற்பவர் முதல் ஜோடியை வேறு என்பார், இரண்டாம் ஜோடியை ஒன்று என்பார். மண் பிசைந்தவர் அதற்கு நேர்மாறாகச் சொல்வார். நத்தைக்கு மரபணு மண், பாயும் நீரும் பாறையும் நண்டும் அச்சு.

வேகமான நீரில் வாழும் நத்தைக்கு அகன்ற பாதம் வேண்டும். பாதம் அகன்றால் ஓட்டின் வாயும் அகலும். ஓட்டின் கூம்பு உயர்ந்திருந்தால் நீர் இழுத்துவிடும், ஆகவே அது குட்டையாகும். ஓட்டை உடைத்துத் தின்னும் நண்டு இருக்குமிடத்தில் ஓடு தடிக்கும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த மலைநீரில் ஓட்டின் நுனிச் சுருள்கள் கரைந்தே போகும். வயதான பல மலையோடை நத்தைகளைக் கையில் எடுத்தால் நுனி மொட்டையாக இருக்கும். சுருள்களை எண்ணி இனம் பிரிக்க நினைப்பவருக்கு எண்ணுவதற்கே எதுவும் மிஞ்சாது.

ஒரே மண்ணை இரண்டு அச்சில் வார்த்ததற்கு இலங்கை எடுத்துக்காட்டாக இருக்கலாம். பாலுடோமஸ் என்னும் பேரினம் தமிழ்நாட்டு ஓடைகளிலும் உண்டு. தஞ்சாவூரின் பெயரை ஏற்ற ஒரு சிற்றினத்தை 1791இலேயே கெமெலின் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பேரினத்தின் டனாலியா பிரிவு இலங்கை மலைநாட்டுப் பாறைகளில் நீர் வேகமாகப் பாயும் இடங்களில் ஒட்டி வாழ்கிறது. ஒரு நத்தை முள்முள்ளாக இருக்கும், ஒன்றில் வரம்புகள் ஓடும், மற்றொன்று வழவழப்பாக இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லேயார்டு முதலானவர்கள் வடிவத்துக்கு ஒரு பெயராக வைத்துக்கொண்டே போனார்கள். வியன்னாவைச் சேர்ந்த ஃபெர்டினாண்ட் ஸ்டார்மியுல்னர் 1970இல் இலங்கை ஆறுகளில் சேகரித்துத் தொகுத்தபோது, அந்தப் பெயர்களில் பலவற்றை ஒரே சிற்றினத்தின் வடிவங்களாக அடக்கினார். அவர் செய்தது சரியா, மிகையாக அடக்கிவிட்டாரா என்பதை இப்போது மரபணுவை வைத்துத்தான் தீர்க்க வேண்டும். இலங்கை நண்பர்களும் நாமும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி அது.

மரபணு மட்டும் போதுமே என்று இளைஞர்கள் கேட்கலாம். மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுவில் ஏறத்தாழ 650 எழுத்துகளைப் படித்து ஒப்பிட்டால் இனம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை 2003 முதல் வலுத்திருக்கிறது. முதற்கட்டத் தேடலுக்கு அது மிகப் பயனுள்ள கருவி. ஆனால் மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருவது. இரண்டு குடிகள் எப்போதோ கலந்திருந்தால் அது பாதிக் கதையைத்தான் சொல்லும். உட்கருவின் மரபணுக்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. எழுத்து வரிசை இணையத் தரவுத்தளத்தில் இருக்கும், அந்த வரிசைக்கு உரிய ஓடு எங்கும் இருக்காது. பழைய அருங்காட்சியகத்தில் ஓடு இருக்கும், அதன் சதை எப்போதோ அழுகிப் போயிருக்கும். ஒன்று முகமில்லாப் பெயர், மற்றொன்று பெயரில்லா முகம்.

ஓட்டு வேறுபாட்டையும் மரபணு வேறுபாட்டையும் சேர்த்துப் படித்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஸ்வீடனைப் பார்க்கலாம். கிரெம்னோகோங்கஸின் கடற்கரை உறவான லிட்டோரினா சாக்சடிலிஸ் நத்தையில் இரண்டு வகை உண்டு. நண்டு இருக்கும் கரையில் வாழ்வது பெரியது, ஓடு தடித்தது, சின்ன அதிர்வுக்கும் உள்ளே ஒடுங்குவது. அலை மோதும் பாறையில் வாழ்வது சிறியது, ஓடு மெலிந்தது, பாதம் அகன்றது. இரண்டும் ஒரே சிற்றினம். குரோமோசோமின் சில பகுதிகள் தலைகீழாகத் திரும்பியிருப்பது இந்த வேறுபாட்டுக்குத் துணைநிற்கிறது என்று மரபணு ஆய்வுகள் காட்டின. 1988இல் நச்சுப்பாசி பெருகி, கோஸ்டர் தீவுப்பகுதியின் சின்னப் பாறைத்திட்டுகளில் இருந்த அலை வகை நத்தைகள் அழிந்தன. 1992இல் கெர்ஸ்டின் யோஹான்னெசன் நண்டு வகை நத்தைகளைக் கொண்டுவந்து அப்படியொரு திட்டில் விட்டார். முப்பதே ஆண்டுகளில் அந்தக் கூட்டம் ஓட்டிலும் மரபணுவிலும் அலை வகையாக மாறிவிட்டது என்று 2024இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

இந்த மாற்றம் எப்படி இவ்வளவு விரைவில் நடந்தது? கொண்டுவந்த நத்தைகளுக்குள்ளேயே பல வகை மரபணுக்கள் சிறு அளவில் கலந்து கிடந்தன. பக்கத்துத் திட்டுகளிலிருந்தும் கொஞ்சம் வரத்து இருந்தது. தேவை வந்தபோது கையிருப்பு உதவியது. மரபணு வேறுபாடு என்று நாம் பேசுவது இந்தக் கையிருப்பைத்தான்.

இப்போது மேற்குத் தொடர்ச்சி மலையின் அருவி நத்தையை நினைத்துப் பாருங்கள். கடல் நத்தைகள் பலவற்றைப் போல நீரில் மிதந்து நெடுந்தூரம் போகும் குஞ்சுப் பருவம் மலையோடையில் எடுபடாது. ஓர் அருவியிலிருந்து அடுத்த அருவிக்குப் போக இடையில் காய்ந்த முகடும் காடும் இருக்கின்றன. ஆகவே ஒவ்வோர் அருவியும் தனித்தீவு. கூட்டம் சிறியது, பக்கத்திலிருந்து வரத்து இல்லை. இப்படித் தனித்துப் போன கூட்டங்கள் காலப்போக்கில் தனித்தனிச் சிற்றினங்களாகப் பிரிவதும் இதனால்தான், ஒரு கூட்டம் அழிந்தால் அதை நிரப்ப இன்னொன்று வராததும் இதனால்தான். வளத்தைத் தந்த தனிமையே ஆபத்தையும் தருகிறது. ஒரு சிற்றினத்தின் பரப்பை வரைபடத்தில் வட்டமிட்டுக் காட்டி, உள்ளே நத்தை ஏராளம் என்று ஆறுதல் கொள்வது இங்கே செல்லாது. கணக்கு அருவி அருவியாக எடுக்கப்பட வேண்டும்.

அப்படிக் கணக்கெடுக்காமல் இழந்தவர்களின் அனுபவம் நம் முன் இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமாவில் கூசா ஆற்றில் 1914 முதல் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் வரிசையாக அணைகள் எழுந்தன. பாறைமேல் பாய்ந்த நீர் தேங்கிய நீராயிற்று. முப்பதுக்கும் மேற்பட்ட நத்தைச் சிற்றினங்கள் அழிந்தன. கைரோட்டோமா என்னும் பேரினமே மறைந்தது. அர்ஜென்டினாவுக்கும் பராகுவேக்கும் இடையே பரானா ஆற்றில் யாசிரெட்டா அணை நிரம்பியபோது அபிபே ஆற்றுப்பாய்ச்சல் மூழ்கியது. அங்கே வாழ்ந்த அய்லகோஸ்டோமா நத்தைகள் இயற்கையில் கிட்டத்தட்ட இல்லாமல் போய், தொட்டியில் வளர்த்துக் காக்கும் நிலைக்கு வந்தன. அந்த நத்தைகள் ஆண் இன்றித் தாயே குஞ்சு ஈனும் வகை. மரபணுக் கையிருப்பு ஏற்கெனவே மெலிந்த கூட்டத்துக்கு இழப்பின் விளைவு இன்னும் கடுமை.

நம் பக்கத்தில் அச்சுறுத்தல் பெரிய அணை வடிவில் மட்டும் வருவதில்லை. 25 மெகாவாட்டுக்குக் குறைந்த நீர்மின் திட்டங்களுக்கு 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன்அனுமதி தேவையில்லை. அருவிக்கு மேலே நீரைத் தடுத்துக் குழாய் வழியாகக் கீழே இறக்கும் சிறு மின்திட்டம் ஆற்றைக் கெடுக்கவில்லை என்று கணக்குக் காட்டலாம். நடுவில் இருந்த அருவிப்பாறை காய்ந்துவிடும். அந்தப் பாறைதான் நத்தையின் உலகம். இலங்கையில் 2012இல் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் செயல்பாட்டுக்கு வந்தபோது செயின்ட் கிளேர் அருவிக்குத் தண்ணீர் விடுவது பெரிய விவாதமாயிற்று. அருவியின் அழகுக்காக மக்கள் பேசினார்கள். பாறையில் ஒட்டியிருந்த உயிர்களின் சார்பில் பேச ஆள் குறைவு.

சுற்றுலா இன்னொரு பக்கம். அருவியில் குளிப்பது நம் பண்பாடு, அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. எண்ணெய், சோப்பு, ஷாம்பு மூன்றும் பாசியைத் தின்று வாழும் உயிரை நேரே தாக்கும். பாறையைச் சீராக்கிச் சிமெண்டு பூசுவது அதைவிட மோசம். சாரல் படும் ஓரப்பாறையில் பத்தடியைத் தொடாமல் விட்டாலே ஒரு குடி பிழைக்கும். செலவில்லாத காரியம் இது.

2011இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வெளியிட்ட மேற்குத் தொடர்ச்சி மலை நன்னீர் உயிர் மதிப்பீடு 1,146 சிற்றினங்களை ஆராய்ந்தது. அவற்றில் மீன் 290, மெல்லுடலிகள் 77. ஆறில் ஒரு பங்கு அழிவு அச்சுறுத்தலில் இருப்பதாக அது கண்டது. அது நல்ல தொடக்கம். ஆனால் அது சிற்றின அளவில் நிற்கிறது. நாம் அருவி அளவுக்கு இறங்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையோடு நின்றுவிடாமல், கல்வராயன், கொல்லி, சேர்வராயன் மலைகளுக்கும் வர வேண்டும். கிரெம்னோகோங்கஸ் அங்கே கிடைக்கும் என்று நான் ஆசை காட்டவில்லை. பாலுடோமஸ் முதலான மலையோடை நத்தைகள் அருவிக்கு அருவி எப்படி வேறுபடுகின்றன என்பதே பெரிய கேள்வி, அதற்கு இந்த மலைகள் நல்ல களம்.

செயல்முறையாக மூன்றை முன்வைக்கிறேன். கருத்தரங்கின் மூன்று அமர்வுகளும் இவற்றைப் பற்றி முடிவு சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

முதலாவது, சேகரிக்கும் முறை. உயிருள்ள நத்தையை அப்படியே சாராயத்தில் போட்டால் அது மூடியை இறுக்கிக்கொள்ளும், சாராயம் உள்ளே போகாது, மரபணு சிதையும். ஓட்டை உடைத்தால் மரபணு கிடைக்கும், ஓடு போய்விடும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008இல் எழுதிய நிக்குனுக்கி முறை இதற்கு வழி சொல்கிறது. சுடுநீரில் சிறிது நேரம் வைத்து, ஓட்டுத் தசை விட்டதும் உடலை முழுதாக உருவி எடுப்பது அந்த முறை. ஓடு சேதமின்றி ஒரு பெட்டியில், சதை சாராயத்தில், இரண்டுக்கும் ஒரே எண். நத்தையின் கோழை மரபணுவைப் பிரித்தெடுக்கும்போது படுத்தும் பாட்டை ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் அறிவார்கள். அதற்கேற்ற முறையை எல்லாக் கல்லூரிகளும் ஒரே மாதிரி பின்பற்றினால் முடிவுகளை ஒப்பிட முடியும். ஓடு இல்லாத எழுத்து வரிசையை இந்த அரங்கில் யாரும் முடிவாகக் காட்டக் கூடாது என்று ஒரு விதி செய்துகொள்வோம்.

இரண்டாவது, எடுக்கும் அளவு. கூட்டம் சிறியதாக இருக்குமிடத்தில் ஆய்வாளரே ஆபத்தாகிவிடக் கூடாது. வனத்துறை அனுமதி, பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் நடைமுறை இரண்டும் முதலில். மிகச் சிறிய கூட்டத்தில் நத்தையைக் கொல்லாமல் அதன் கோழையைப் பஞ்சால் ஒற்றி எடுத்து, ஓட்டைப் பல கோணங்களில் படம் எடுத்து, அதே இடத்தில் விட்டுவிடலாம். சேகரித்தவை தனிப்பட்ட அலமாரியில் தங்காமல் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் சென்னை மையம் போன்ற பொதுக் காப்பகத்துக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, களத்தைப் பங்கிடுவது. கல்வராயன் மலையின் மேகம், பெரியார் அருவிகளில் தொடங்கலாம். ஒவ்வொரு கல்லூரியும் ஓர் அருவியை ஏற்று, பருவமழைக்கு முன்னும் பின்னும் அதே பாறையில் எண்ணிப் பதிவு செய்யட்டும். அருவிக்குப் பக்கத்தில் வாழும் மலைவாழ் மக்களை வழிகாட்டிகளாக மட்டும் அழைத்துப்போய்த் திரும்பிவிடாமல், பதிவேட்டில் அவர்கள் பெயரையும் சேர்க்க வேண்டும். எந்தப் பாறை எந்த மாதத்தில் காயும் என்பது அவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

இந்த மூன்றும் நடந்தால், ஐந்தாண்டில் தமிழ்நாட்டின் அருவி நத்தைகளுக்கு ஓடும் மரபணுவும் இடமும் சேர்ந்த ஒரு பதிவேடு இருக்கும். சிறு மின்திட்டத்துக்கோ சுற்றுலாத் தளத்துக்கோ கோப்பு நகரும்போது, இந்த அருவியில் வேறெங்கும் இல்லாத ஒரு குடி இருக்கிறது என்று ஆதாரத்தோடு மாவட்ட ஆட்சியர் மேசையில் வைக்க முடியும். ஆதாரம் இல்லாத அன்பு கோப்பில் ஏறாது.

முதல் அமர்வு ஓட்டு வடிவங்களைப் பற்றியது, இரண்டாவது மரபணு, மூன்றாவது பாதுகாப்பு. நிகழ்ச்சி நிரல் இவற்றை மூன்றாகப் பிரித்தாலும், ஓர் அமர்வில் கட்டுரை வாசிப்பவர்கள் மற்ற இரண்டிலும் உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டும். இளைஞர்கள் தயங்காமல் மூத்தவர்களை மறுத்துப் பேசுங்கள், மறுக்கும்போது மாதிரியின் எண்ணைச் சொல்லி மறுங்கள். மாலைக்குள் பொதுச் சேகரிப்பு முறைக்கான வரைவை ஒரு குழு எழுதி அவையில் வைக்கட்டும்.

இவ்வளவோடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.